செயலமர்வு முடிந்து ஆறாவது வாரம் என்ன நடக்கிறது?

மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தை விரிவுரையாளர்களுக்குப் பழக்கும் இரண்டு நாள் செயலமர்வின் கடைசி அரைமணி நேரம். சான்றிதழ்கள் மேசையில் அடுக்கியிருக்கின்றன, வளவாளர் முன்னால் நிற்கிறார், பஸ் போய்விடும் என்ற அவசரம் எல்லோருக்கும். அந்த நேரத்தில்தான் மதிப்பீட்டுப் படிவம் கைக்கு வருகிறது. கிழக்கிலங்கையின் பொத்துவிலுக்கோ வாகரைக்கோ திரும்பவேண்டிய விரிவுரையாளர் மேலிருந்து கீழ்வரை 5 என்று குறித்துக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறார். அதில் பொய் இல்லை, நன்றி இருக்கிறது. அந்த நன்றியைக் கூட்டிச் சராசரி எடுத்து, 'பங்குபற்றுநர்கள் கற்றுக்கொண்டனர்' என்று அறிக்கை எழுதுவதுதான் பிழை.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கேர்க்பற்றிக் 1959இலேயே பயிற்சியை அளக்க நான்கு படிகள் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் கிடைத்ததா. நமது படிவம் முதலாவது படியிலேயே நின்றுவிடுகிறது. ஆசிரியர் பயிற்சிக்கென்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் தோமஸ் கஸ்கி 2000இல் இதை ஐந்தாக்கி, இடையில் 'நிறுவனம் இடம் கொடுத்ததா' என்ற கேள்வியைச் சேர்த்தார். நமது கல்வியியற் கல்லூரிகளுக்கும் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மிகவும் தேவையான கேள்வி அதுதான். மூடிலில் வினாத்தாள் தயாரிக்கக் கற்றவருக்குத் தன் பாடப் பக்கத்தைத் திருத்தும் அனுமதியே இல்லையென்றால், அவரை இன்னும் பத்துச் செயலமர்வுக்கு அனுப்பியும் பயனில்லை.

அளவிடுதல் முதல் நாள் காலையிலேயே தொடங்கவேண்டும். 'உங்கள் மூடில் அறிவுக்கு எத்தனை புள்ளி?' என்று கேட்காதீர்கள். தெரியாதவருக்குத் தனக்கு என்ன தெரியாது என்பதும் தெரியாது, அதனால் காலையில் 4 போடுவார். இரண்டு நாள் படித்தபின் விஷயத்தின் ஆழம் புரிந்து 3 போடுவார். கணக்குப் பார்த்தால் செயலமர்வு அறிவைக் குறைத்ததாக வரும்! சுயமதிப்பீடு வேண்டுமென்றால் முடிவில் இரண்டையும் ஒன்றாகக் கேளுங்கள்: 'வரும்போது எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன்.' அதைவிட நல்லது ஒரு வேலையைக் கொடுப்பது. பதினைந்து நிமிடத்தில் ஐந்து பல்தேர்வு வினாக்களைத் தமிழில் மூடிலில் ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் வேலையின் எந்தக் கட்டத்தில் நின்றார் என்று குறித்துக்கொண்டு, கடைசி நாளில் வேறு ஐந்து வினாக்களோடு அதே வேலையைத் திரும்பக் கொடுங்கள்.

இந்தச் சின்ன வேலையே பல ஓட்டைகளைக் காட்டிவிடும். விரிவுரையாளர்களின் பழைய வினாத்தாள்களில் பெரும்பகுதி பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கும். அதைப் பிரதிசெய்து மூடிலில் ஒட்டினால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகக் குவியும். யூனிகோட் மாற்றியில் போடவேண்டும். அப்படிப் போட்டாலும், வினாவின் நடுவே இருந்த ஆங்கிலக் கலைச்சொல்லும் சேர்ந்து மாறி அர்த்தமில்லாத தமிழாகிவிடும். அவற்றைக் கையால்தான் திருத்தவேண்டும்.

அடுத்தது, வினாக்களை மொத்தமாக ஏற்ற உதவும் ஐக்கன் (Aiken) என்ற எளிய எழுத்துக் கோப்பு வடிவம். வினா முழுவதும் ஒரே வரியில் இருக்கவேண்டும். விடைத் தெரிவுகளின் முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்து, ஒரு புள்ளி, ஓர் இடைவெளி. கடைசி வரியில் 'விடை' என்று தமிழில் எழுதினால் மூடில் ஏற்காது. ஆன்சர் (ANSWER) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, சரியான தெரிவின் எழுத்தைப் போடவேண்டும். பழைய விண்டோஸின் நோட்பேட் கோப்பைத் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத ஆன்சி (ANSI) முறையில் சேமிக்கும், தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். சேமிக்கும்போது தமிழை ஏற்கும் யூடிஎஃப்-8 (UTF-8) என்று தெரிவுசெய்ய ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால் போதும், அந்தத் தடை நிரந்தரமாக நீங்கும். ஆங்கில மாதிரிகளோடு மட்டும் வரும் வளவாளருக்கு இந்த இடங்கள் கண்ணில் படுவதில்லை. தமிழில் கற்பிப்பவர் வீட்டுக்குப் போய்த் தனியே இருக்கும்போதுதான் முட்டிக்கொள்கிறார், அத்தோடு விட்டுவிடுகிறார்.

மண்டபத்தையும் முதல்நாளே போய்ப் பார்க்கவேண்டும். பழைய கட்டடங்களில் வட்ட ஊசி பிளக் பொயின்ட், புதிய லப்டொப்பில் சதுர ஊசி. அடப்டரும் நீட்டிப்பு வயரும் போதாவிட்டால் பிற்பகலில் பாதிப்பேர் வெறும் பார்வையாளர்கள்தான். வீட்டுப் பாவனை ரவுட்டர் ஒன்று முப்பது லப்டொப்பையும் முப்பது கைபேசியையும் சேர்த்துத் தாங்காது. ஒரு லப்டொப்பில் மூடிலை நிறுவி, இணையம் இல்லாமலே உள்வலையமைப்பில் பழக விடலாம். மாரி காலத்தில் இணையம் போனாலும் வேலை நிற்காது. கடவுச்சொல் மறந்தவர்களுக்கு முன்கூட்டியே புதியதைக் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் அமர்வு அதிலேயே கரையும். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆவுக்குப் போய்வர நேரம் விட்டு, செய்முறையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். எட்டுப் பத்துப் பேருக்கு ஓர் உதவியாளர் கட்டாயம்.

இனி ஆறாவது வாரம். மூடிலின் பாடப் பக்கத்தில் அறிக்கைகள் பகுதிக்குள், யார் எப்போது என்ன செய்தார் என்று காட்டும் பதிவுகள் (Logs) இருக்கின்றன. நிர்வாகியிடமிருந்து மூன்று விடயங்களை எடுத்தால் போதும்: வந்தவர்களில் எத்தனை பேர் ஒரு வினாத்தாளையாவது மாணவருக்குத் திறந்தார்கள், எத்தனை மாணவர் எழுதினார்கள், பின்னூட்டம் போனதா. இதைக் கண்காணிப்பாக யாரும் எடுத்துக்கொள்ளாதபடி செயலமர்வின்போதே சொல்லிவிடுங்கள். பீடாதிபதிக்குப் போகும் அறிக்கையில் தனிநபர் பெயர்கள் வேண்டாம்.

செய்யாதவர்களைத் தொலைபேசியில் அழைத்து ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "எந்த இடத்தில் நின்றுபோச்சு, சேர்?" 'மறந்துவிட்டது' என்றால் உதவிக் குறிப்புத் தேவை. 'பக்கம் திறக்கவில்லை' என்றால் அனுமதி. 'பிள்ளைகளிடம் டேட்டா இல்லை' என்றால் வினாத்தாளைச் சுருக்கி, படங்களின் அளவைக் குறைத்து, கால எல்லையை இரண்டு நாளாக்கவேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. சராசரி 4.6 என்று சொல்லும் படிவம் இவற்றில் ஒன்றையும் சொல்லாது.

தொடர்ந்து இரண்டு நாள் நடத்துவதை விட, ஒரு நாள் நடத்தி மூன்று வாரம் கழித்து இன்னொரு அரை நாள் கூட்டுவதே சிறந்தது. முதல் நாளுக்கு வரும்போது அடுத்த கிழமை கற்பிக்கப்போகும் பாடத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அரை நாளில் புதிதாக எதுவும் கற்பிக்க வேண்டியதில்லை; அவரவர் முட்டிக்கொண்ட இடத்தை மட்டும் திருத்துங்கள். பைக்கும் பதாகைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்த அரை நாளின் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் போதுமானது. நிகழ்ச்சிநிரலை அச்சிடும்போதே அந்தத் திகதியையும், ஆறாவது வாரத்தில் பதிவுகளைப் பார்க்கப்போகிறவரின் பெயரையும் அதில் போட்டுவிடுங்கள்.