மூணு மில்லிமீட்டர் உயிரியோட கொழுப்பும் கடலோட கார்பன் கணக்கும்

வாசகர் ஒருத்தர் கேட்ட கேள்வி இது. கடல்ல இருக்கற நுண்பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்து தன் உடம்பா மாத்திக்குது, சரி, அந்த பாசியை ஜூபிளாங்க்டன் (தண்ணில மிதந்து திரியற குட்டி பிராணிங்க) தின்னுடுது, தின்னுட்டு அதுவும் நம்மள மாதிரி மூச்சு விடுது, அப்ப இழுத்த கார்பன் திரும்ப வெளிய வந்துடுச்சே, இதுல கடல் என்னத்த சேமிச்சுது?

அருமையான கேள்விங்க. பெரும்பாலும் அவர் சொல்றது தான் நடக்குது. மேல் தண்ணில பிடிபட்ட கார்பன்ல முக்கால்வாசி மேல் தண்ணிலயே தின்னு செரிச்சு மூச்சா வெளிய வந்துடும். மிச்சம் இருக்கற கதை முழுக்க அந்த மூச்சை எந்த ஆழத்துல விடுதுங்கறதுல தான் இருக்கு. பத்து மீட்டர்ல விட்டா சீக்கிரமே காத்துக்கு திரும்பிடும், ஆயிரம் மீட்டருக்கு கீழ விட்டா அந்த தண்ணி மறுபடி மேல வந்து காத்தை பாக்க பல இடங்கள்ல நூறு வருஷக்கணக்குல ஆகும்.

பூமில நடக்கற ஒளிச்சேர்க்கைல ஏறக்குறைய பாதி கடல்ல நடக்குது, இது பள்ளிக்கூடத்துலயே படிச்சது தான். ஆனா ஒத்தை செல் பாசி தானா மூழ்கணும்னா ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் போனாலே பெருசு. கடலோட சராசரி ஆழம் கிட்டத்தட்ட 3,700 மீட்டர், அப்ப அடி போய் சேர பத்து வருஷம், அதுக்குள்ள பாக்டீரியா அதை காலி பண்ணிடும். அதே பாசியை ஒரு கோப்பிபாட் (கூனிறால் சொந்தம்னு வச்சுக்கங்க, தமிழ்ல துடுப்புக்காலின்னு எழுதறாங்க) நூத்துக்கணக்குல தின்னு, குடலுக்குள்ளயே மெல்லிசா ஒரு சவ்வு சுத்தி, கெட்டியான புழுக்கையா வெளிய விட்டா அது நாளைக்கு பத்து மீட்டர்ல இருந்து நூத்தி சொச்சம் மீட்டர் வரைக்கும் இறங்கும். சால்ப்னு ஜெல்லி மாதிரி ஒரு பிராணி இருக்கு, அதோட புழுக்கை ஆயிரம் மீட்டரே போகும். ஆனா போற வழில மத்த கோப்பிபாட்டுங்களே அதை உடைச்சு தின்னுடும், அதனால புழுக்கையை மட்டும் நம்பி கணக்கு போட முடியாது.

அடுத்தது ஜூபிளாங்க்டனோட தினசரி ஏற்ற இறக்கம். ராத்திரி மேல வந்து சாப்பிட்டு, விடியறதுக்குள்ள சில நூறு மீட்டர் கீழ போய் ஒளிஞ்சுக்கும், பகல் முழுக்க அங்கயே மூச்சு விட்டு, கழிவையும் அங்கயே விடும். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல 1942ல கலிபோர்னியா பக்கம் சோனார் (ஒலியை அனுப்பி எதிரொலியை கேக்கற கருவி) வச்சு பாத்தவங்களுக்கு நடுக்கடல்ல பொய்யா ஒரு தரை தெரிஞ்சுது, அது உயிருள்ள கூட்டம், பொழுது சாஞ்சா மேல வருதுன்னு 1945ல மார்ட்டின் ஜான்சன்னு ஒரு கடல் உயிரியலாளர் காட்டினார். ஆர்க்டிக் குளிர்காலத்துல சூரியனே வராதப்ப இதுங்க நிலாவை பாத்து ஏறி இறங்குதுன்னு 2016ல தெரிய வந்துச்சு. பௌர்ணமிக்கு மனுஷனுக்கு கிறுக்கு பிடிக்கும்னு நம்பறவங்க உடனே இதை தூக்கிக்கிட்டு வந்துடாதீங்க, இங்க வேலை செய்யறது வெறும் வெளிச்சம், வெளிச்சம் இருந்தா கொத்தி தின்னறவனுக்கு கண்ணு தெரியும், அவ்ளோ தான்.

இப்ப நான் எழுத உக்காந்ததுக்கு காரணமான ஆளுக்கு வரேன். பேரு கலானஸ் ஃபின்மார்க்கிகஸ், வட அட்லாண்டிக் வாசி, நீளம் மூணு மில்லிமீட்டர் பக்கம். மைக்ரோஸ்கோப்ல பாத்தா உடம்பு கண்ணாடி மாதிரி, ரெண்டு நீள உணர்கொம்பு, உள்ள தலைப்பக்கத்துல இருந்து வால்பக்கம் வரைக்கும் பளபளன்னு ஒரு நீளமான எண்ணெய்ப் பை. கோடை முடியற நேரத்துல நல்லா தின்னு கொழுத்த ஒண்ணை பாத்தீங்கன்னா உடம்புல பாதி இந்த பை தான். முழு வளர்ச்சிக்கு முந்தின ஐந்தாம் பருவத்துல இந்த எண்ணெயோட நேரா 600, 1,000 மீட்டர், சில இடத்துல அதுக்கும் கீழ போய், உடம்போட வேகத்தை எல்லாம் குறைச்சு, அரை வருஷத்துக்கு சாப்பாடே இல்லாம கிடக்கும்.

அந்த எண்ணெய் நம்ம தொப்பைல இருக்கற ரகம் கிடையாது. வாக்ஸ் எஸ்டர், அதாவது ஒரு நீள கொழுப்பு அமிலமும் ஒரு நீள கொழுப்பு ஆல்கஹாலும் சேர்ந்த மெழுகு ஜாதி. மேல் தண்ணில இது மிதக்க வைக்கும், அதனால கீழ போகணும்னா நீந்தித்தான் போகணும். ஆனா அழுத்தம் கூடக்கூட, குளிர் கூடக்கூட இது கடல் தண்ணியை விட அதிகமா சுருங்குது, ஒரு ஆழத்துக்கு போனதும் எண்ணெயோட மிதப்பும் மத்த உடம்போட கனமும் சரிக்கு சரி ஆகி, கை கால் அசைக்காமலே அங்க நிக்கலாம். அண்டார்டிக் பக்கம் இருக்கற சொந்தக்கார இனங்கள்ல இந்த கொழுப்பு ஆழத்துல உறைஞ்சு திடமாவே ஆகுது. சேமிப்பும் அதே தான், மிதப்பை சரி பண்ற எடையும் அதே தான், எனக்கு இது எத்தனை தடவை படிச்சாலும் அலுக்கல.

இதை விட அழகான இடம் ஒண்ணு இருக்கு. செத்த பாசியோ புழுக்கையோ கீழ போகும்போது கார்பன் மட்டும் தனியா போறதில்ல, நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடவே போகும், சராசரியா 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ், ரெட்ஃபீல்ட்னு ஒரு கடல் ஆராய்ச்சியாளர் 1930கள்லயே கவனிச்ச விகிதம் இது. அந்த ரெண்டும் தான் மேல அடுத்த பாசி வளர உரம். ஆழத்து தண்ணி திரும்ப மேல வரும்போது உரத்தோட சேர்ந்து பழைய கார்பன் டை ஆக்சைடும் வந்துடும், கிட்டத்தட்ட கொடுத்ததை அப்படியே திருப்பி வாங்கின கதை. ஆனா வாக்ஸ் எஸ்டர்ல கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் தவிர வேற எதுவுமே இல்ல! பாசியை தின்னு அதுல இருந்த நைட்ரஜன்ல பெரும்பங்கை மேலயே கழிவா விட்டுட்டு, கார்பனை மட்டும் கொழுப்பா கட்டிக்கிட்டு கீழ போய், குளிர்காலம் முழுக்க அதை எரிச்சு மூச்சா விடுது. உரம் மேலயே தங்கிடுச்சு, கார்பன் மட்டும் போயிடுச்சு. 2015ல சிக்ரூன் யோனஸ்டோட்டிர் குழு இதுக்கு கணக்கு போட்டு பாத்தா, இந்த ஒத்தை இனம் மட்டும் வட அட்லாண்டிக் ஆழத்துக்கு கொண்டு போற கார்பன், அங்க தானா விழற குப்பை மொத்தத்துக்கும் ஈடா வருது. உயிரிகளால ஆழத்துக்கு போற கார்பன்னு அதுவரைக்கும் வச்சிருந்த மதிப்பீடு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகிடுச்சு.

இத்தனை நாள் இது எப்படி கண்ணுல படல? ஆழத்துக்கு என்ன விழுதுன்னு பாக்க புனல் மாதிரி ஒரு பொறியை கடலுக்குள்ள தொங்க விடுவாங்க, விழறதை சேகரிச்சு எடை போடுவாங்க. அதுக்குள்ள நீந்தி வந்து மாட்டிக்கிட்ட கோப்பிபாட்டுங்களை நீச்சல்காரங்கன்னு பேர் வச்சு, இதெல்லாம் விழுந்தது இல்லன்னு இடுக்கியால ஒண்ணொண்ணா பொறுக்கி ஓரமா வச்சுட்டு தான் அளப்பாங்க. அந்த அளவைக்கு அது சரியான முறை தான், ஆனா நீந்தி இறங்கற கார்பனுக்கு தனியா ஒரு வரவுக் கணக்கு யாரும் பெருசா போடல.

2025ல அண்டார்டிகாவை சுத்தி இருக்கற தென்கடலுக்கும் இதே மாதிரி கணக்கு வந்துச்சு, வருஷத்துக்கு சுமார் 6.5 கோடி டன் கார்பன் 500 மீட்டருக்கு கீழ போகுதாம், அதுல 80 சதவீதம் கோப்பிபாட் மாதிரி சின்ன ஜூபிளாங்க்டனோட வேலை, எல்லாரும் கொண்டாடற கிரில் (திமிங்கலம் தின்னற, இறால் மாதிரி பிராணி) வெறும் 14 சதவீதம் தான். உடனே பூமியை காப்பாத்தற ஹீரோன்னு தலைப்பு போட்டாங்க, எனக்கு அங்க தான் எரிச்சல். இந்த வேலை நாம நிலக்கரி தோண்டறதுக்கு பல லட்சம் வருஷம் முன்னாடியே நடந்துக்கிட்டு இருக்கு, நம்ம புகைல கடல் வாங்கிக்கற கால் பங்கு பெரும்பாலும் சாதாரணமா தண்ணில கரையறது. கோப்பிபாட் நம்ம புகைக்காக ஓவர்டைம் பாக்கல. அது வேலையை நிறுத்தினா ஏற்கனவே கீழ இருக்கறது மேல வரும், பயப்பட வேண்டியது அதுக்கு தான்.

கடல்ல இரும்பு கொட்டினா பாசி வளரும், கார்பன் மூழ்கும், பிரச்சினை தீந்துச்சுன்னு சொல்ற கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. 2009ல இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ்னு தென்கடல்ல 300 சதுர கிலோமீட்டருக்கு இரும்பு சல்பேட் போட்டு பாத்தாங்க. பாசி வளர்ந்துச்சு, கோப்பிபாட் வந்து மேஞ்சுடுச்சு, அந்த கோப்பிபாட்டை ஆம்பிபாட்னு இறால் சொந்தம் இன்னொண்ணு தின்னுச்சு, கீழ போனது சொற்பம். யார் தின்னறாங்கன்னு தெரியாம விதைச்சா இப்படித்தான்.

அதை தெரிஞ்சுக்க உக்காந்து எண்ணணும், எண்ணறதுக்கு காசு தர யாருக்கும் மனசு வராது. சரக்குக் கப்பலுக்கு பின்னாடி கட்டி இழுக்கற ஒரு பெட்டி, உள்ள பட்டுத்துணி சுருள், அதுல ஒட்டற பிளாங்க்டனை எண்ணறது, அலிஸ்டர் ஹார்டிங்கற பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர் ஆரம்பிச்சு 1931ல இருந்து நடக்கற சர்வே இது. 1980கள் கடைசில இதுக்கு நிதி நின்னு மூடற நிலைக்கு போய், தனியா ஒரு அறக்கட்டளை வச்சு காப்பாத்தினாங்க. அந்த போரடிக்கற எண்ணிக்கை இருந்ததால தான் வெதுவெதுப்பான தண்ணி கோப்பிபாட் நாப்பது வருஷத்துல வட அட்லாண்டிக்ல பத்து டிகிரி அட்சரேகை வடக்க நகர்ந்தது தெரிஞ்சுது, வட கடல்ல நம்ம கொழுத்த கலானஸ் இருந்த இடத்துல அதோட தெற்கத்தி சொந்தம் வந்து உக்காந்ததும் தெரிஞ்சுது. இன்னொரு பக்கம் நார்வே 2019ல அதே கலானஸை எண்ணெய்க்காக வணிக ரீதியா பிடிக்க அனுமதிச்சிருக்கு, ஒமேகா 3 மாத்திரையா விக்கறாங்க. இருக்கற மொத்த கூட்டத்துக்கு முன்னாடி இப்ப பிடிக்கறது ஒண்ணுமே இல்ல, உண்மை தான், ஆனா அளவை ஏத்தறப்ப மீனுக்கு எவ்ளோ மிச்சம்னு பாக்கறதோட நிறுத்தாம குளிர்காலத்துல எவ்ளோ கொழுப்பு கீழ போகாம நின்னுச்சுன்னும் கணக்கு கேக்கணும், இப்பவே கேக்க ஆரம்பிச்சா நல்லது.