இரண்டாவது இயங்குதளம்: முதல் வேலை பயாஸில்

விண்டோஸ் மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்க வட்டில் தனிப் பகுதி ஒதுக்கத் தேவையில்லை, ஓர் இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் போதும். ஆனால் அதை நிறுவுமுன் செயலியைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போனால் ‘விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு’ என்றிருக்க வேண்டும்.

இந்த வசதி எதற்கு? எந்த இயங்குதளமும், வன்பொருள் முழுக்கத் தன் கையில் இருக்கிறது என்ற எண்ணத்திலேயே எழுதப்பட்டது. இன்னொன்றுக்குள் ஓடும்போது, வன்பொருளை நேரடியாக ஆளும் அதன் அதிகாரக் கட்டளைகளை யாராவது இடைமறித்துக் கவனிக்க வேண்டும். இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் பழைய எக்ஸ்86 வகைச் செயலிகள் இதற்கு ஒத்துவரவில்லை. உதாரணமாக, இடையீடுகளை (வன்பொருள் செயலிக்கு அனுப்பும் அவசர அழைப்புகளை) நிறுத்த ‘பாப்எஃப்’ கட்டளையை அதிகாரம் இல்லாத நிரல் கொடுத்தால், செயலி பிழை காட்டாது. சத்தமில்லாமல் அதை விட்டுவிடும். மறுக்கப்பட்டதே தெரியாவிட்டால் எப்படி இடைமறிப்பது? 1999இல் வந்த விஎம்வேர் என்ற இதே வகை மென்பொருள், ஓடும்போதே அத்தகைய கட்டளைகளை மாற்றி எழுதிச் சமாளித்தது. அபாரமான வேலை அது. 2005இல் இன்டெல் விடி-எக்ஸ் என்ற வசதியையும் 2006இல் ஏஎம்டி தன் ஏஎம்டி-வியையும் செயலிக்குள்ளேயே கொண்டுவந்த பிறகு, இடைமறிப்பைச் செயலியே செய்கிறது.

பல கணினிகளில் இது அணைந்தே வரும். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலான பயாஸுக்குள் போய் இன்டெலில் ‘விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’, ஏஎம்டியில் ‘எஸ்விஎம் மோட்’ என்பதை இயக்குங்கள். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியை முன்பே குறித்து வையுங்கள். பயாஸ் மாற்றத்துக்குப் பின் அது கேட்கப்படலாம்.

8 ஜிபி நினைவகத்தில் உபுண்டுவுக்கு 4 ஜிபிக்கு மேல் தராதீர்கள். விண்டோஸ் மூச்சுத் திணறினால் உபுண்டுவும் திணறும். 4 கோர்களில் 2 போதும். வட்டுக்குக் குறைந்தது 25 ஜிபி. உபுண்டுவின் வட்டு விண்டோஸில் ஒரு கோப்பாகவே இருக்கும்; ‘டைனமிக்’ வட்டுக்கோப்பு தேவைக்கேற்ப வளரும். உள்ளே கோப்புகளை அழித்தாலும் தானாகச் சுருங்காது.

எல்லாம் சரியாக இருந்தும் உபுண்டு ஊர்ந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ் மூலையைப் பாருங்கள். பச்சை ஆமைச் சின்னம் தெரிந்தால், விண்டோஸோடு வரும் இதே வகை மென்பொருளான ஹைப்பர்-வி ஏற்கெனவே விடி-எக்ஸை (அல்லது ஏஎம்டி-வியை) பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். விண்டோஸின் மையப் பகுதிக்குள் தீய நிரல்கள் நுழையாமல் காக்கும் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ பாதுகாப்பும் ஹைப்பர்-வியை நம்பியே இயங்குவதால், நீங்கள் ஹைப்பர்-வியைத் தனியாக இயக்காவிட்டாலும் இது நேரும். அந்தப் பாதுகாப்பை அணைத்தால் வேகம் கூடும். வங்கி வேலையும் அதே கணினியில் நடக்கிறதென்றால், ஆமையோடு இருப்பதே மேல்.