பனியில்லாத ஊரில் பின்பனி

மாசி, பங்குனியைப் பின்பனிக் காலம் என்பார்கள். சிங்கப்பூரில் பனி ஏது? ஆனாலும் இந்த மாதங்களில் வடக்கிலிருந்து வலசை வந்து நம் புளோக்கைச் சுற்றித் திரியும் சில பறவைகளுக்குக் குளிர்காலம் முடிந்துவிட்டது தெரிந்துவிடும். ஜப்பானிலும் சைபீரியாவிலும் பனி உருகப்போகிறது என்று இங்கிருந்தபடியே அவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

முதலில், எங்கே பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் ஒரு காலைப் பொழுது, கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்களைத் தொலைநோக்கியில் பாருங்கள். கவைபோல் பிளந்திருக்க வேண்டிய வால் பலவற்றுக்கு அரைகுறையாக இருக்கும்: ஒரு பக்க இறகு நீண்டிருக்க, மறுபக்கம் இப்போதுதான் முளைத்து வரும். தகைவிலான் தன் சிறகையும் வாலையும் புதுப்பித்துக்கொள்வது கூடு கட்டும் வடக்கில் அல்ல, குளிர்காலத்தைக் கழிக்கும் நம் ஊர் போன்ற இடங்களில்தான். மார்ச்சில் அதே கம்பியைப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு வால் இரு பக்கமும் கூர்மையாக வளர்ந்திருக்கும். பயணத்துக்கான ஆயத்தம் அது.

குளிர்நாட்டில் இதற்கான சமிக்ஞை பகலின் நீளம். 1920களில் கனடாவில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர் கடுங்குளிரில் ஜங்கோ என்ற சிட்டுகளைக் கூண்டில் வைத்து, விளக்கு வெளிச்சத்தால் பகலை மட்டும் நீட்டிக்கொண்டே போனார். வெளியே உறைபனி. இருந்தும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தம் வந்ததுபோல் வளர்ந்தன. அந்த வெளிச்சத்தைப் பறவை கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டை ஊடுருவும் ஒளியை மூளையின் ஆழத்தில் உள்ள செல்களே நேரடியாக உணர்கின்றன.

சிங்கப்பூரில் இந்த விளக்கம் போதாது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் சுமார் 9 நிமிடம்தான்.

விடைக்கு வழிகாட்டியவர் ஜெர்மானிய ஆய்வாளர் எபர்ஹார்ட் குவின்னர். 1960களில் அவர் வில்லோ கதிர்க்குருவிகளை 12 மணி நேர வெளிச்சம், 12 மணி நேர இருட்டு என்று மாறாத சூழலில் வளர்த்தார். கிட்டத்தட்ட நம் ஊர்ப் பகல்தான் அது! வெளியிலிருந்து எந்தக் குறிப்பும் கிடைக்காத நிலையிலும் அவை உரிய காலத்தில் இறகு மாற்றின. வலசை போகும் துடிப்பில் இரவில் தூங்காமல் கூண்டுக்குள் படபடத்தன. உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. ஆனால் அதன் சுற்று சரியாக 12 மாதம் அல்ல. அதனால் ஒவ்வோர் ஆண்டும் அதைத் திருத்தி வைக்க வேண்டும். வடக்கின் நீண்ட கோடைப் பகல்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

பூமத்திய ரேகைப் பகுதியில் இன்னொரு துப்பும் இருக்கிறது. பகலின் நீளம் மாறாவிட்டாலும் சூரியன் உதிக்கும் நேரம் மாறுகிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் இங்கே 7.15க்குப் பிறகுதான் உதிக்கும். நவம்பர் தொடக்கத்தில் 6.50க்கு முன்பே உதித்துவிடும். பள்ளிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதை நன்றாக அறிவார்கள். ஆப்பிரிக்க ஸ்டோன்சாட் பறவைகளால் இந்தச் சிறு நகர்வை வைத்தே தங்கள் ஆண்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள முடியும் என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

கடிகாரம் சொன்னதும் பசி கூடுகிறது. சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் மார்ச் மாதம் நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பவளக்காலிகளும் பொன்னிற உப்புக்கொத்திகளும் சேற்றை விட்டுத் தலை நிமிராமல் தின்னும். தின்பதெல்லாம் கொழுப்பாகிறது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4தான். அதோடு கொழுப்பைச் சேமிக்கத் தண்ணீர் தேவையில்லை என்பதால் சுமையும் குறைவு. பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை இதில் உச்சம். அலாஸ்காவிலிருந்து புறப்படும்போது அதன் உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருக்கும். வழியில் பயன்படாத இரைப்பையும் குடலும் சுருங்கிவிடும். 2022இல் அப்படிக் கிளம்பிய ஓர் இளம் பறவை, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது.

அதனால்தான் இந்த மாதங்களில் சேற்றுத் திட்டில் உள்ள பறவைகளை நெருங்கிப்போய்ப் படமெடுத்துக் கிளப்பிவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்த கொழுப்பு செலவாகிறது. தின்னும் நேரமும் போகிறது.

மார்ச் கடைசியில் உப்புக்கொத்திகளின் வயிற்றில் கருந்திட்டுகள் தோன்றி, பரவி, ஒன்றுசேரும். இனப்பெருக்க காலத்து நிறம் அது. ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலானவை போய்விடும். எல்லாமே போவதில்லை. விம்ப்ரெல் போன்ற சில கரைப்பறவைகளில் முதிராத இளசுகள் ஜூனிலும் இங்கேயே தங்கிவிடுகின்றன: கொழுப்பு ஏற்றாமல், முழு வண்ணமும் பூசாமல்.