கிட்டாருக்கு எந்த ஆம்ப்? வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள்

கோரிப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் அகூஸ்டிக் கிட்டாரில் பிக்கப் இருக்கிறது. மைக்செட்காரரின் மிக்சரில் நேராகச் செருகினால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. எத்தனை வாட் ஆம்ப் வாங்கட்டும், சார்?"

வாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 30 வாட்டை 60 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். தகரச் சத்தம் பிறப்பது வேறு இடத்தில்.

கிட்டாரில் கம்பிகள் அழுந்தி உட்காரும் வெள்ளைத் துண்டுக்கு சேடில் என்று பெயர். பெரும்பாலான கிட்டார்களில் அதன் அடியில் மெல்லிய பியசோ பட்டை ஒன்று இருக்கும். அதிர்வை மின்சாரமாக மாற்றும் இதுதான் பிக்கப். கம்பி அதிர அதிர அந்தப் பட்டை நசுங்கித் தளரும். ஒவ்வொரு தடவையும் துளி மின்னூட்டம் பிறக்கும். 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களை அழுத்திக் கண்டுபிடித்த விளைவு இது. நம் ஊர்க் கோயில் கடைகளில் மாலையாகத் தொங்கும் ஸ்படிகமும் குவார்ட்ஸ்தான். அழுத்தினால் மின்னூட்டம் தரும், கழுத்தில் போட்டால் விதியை மாற்றாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்ட ஒரு பியசோ தகடும் மல்டிமீட்டரும் போதும். அந்தச் சின்னச் செலவைக்கூடச் செய்யாத ஆய்வகங்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

சரி, பிறந்த மின்னூட்டம் எங்கே போகிறது? பியசோ பட்டை ஒரு குட்டி மின்தேக்கி. 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மிக்சரின் லைன் உள்ளீட்டில் மின்தடை 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 10 மைக்ரோ வினாடி. அதற்குள் மின்னூட்டத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். கிட்டாரின் தடித்த கம்பி வினாடிக்கு 82 முறை அதிர்கிறது. ஒரு அதிர்வுக்கு 12 மில்லி வினாடி ஆகும். அவ்வளவு நிதானமாக ஏறி இறங்கும் மின்னழுத்தம் சேர வழியே இல்லை. வேகமான அதிர்வுகள் ஓரளவு தப்பிக்கும். இந்தக் கணக்கில் 16 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க ஒலி மெலிந்துகொண்டே போகும். கீழ் ஸ்வரங்கள் செத்து, நுனிச் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. அதே பட்டையை 10 மெகா ஓம் உள்ளீட்டில் செருகுங்கள்: எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், முழுக் கிட்டாரும் கேட்கும்!

ஆகவே முதலில் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி அறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளேயே பிரீஆம்ப், அதாவது பிக்கப்பின் மெல்லிய மின்சாரத்தை வடியவிடாமல் வாங்கி வலுப்படுத்தும் சுற்று, உண்டு. பேட்டரியை மாற்றிப் பார்த்தாலே சரியாகிவிடலாம். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துபோகும். அந்த அறை இல்லையென்றால், உள்ளீட்டு இம்பீடன்ஸ் (மேலே சொன்ன உள்ளீட்டு மின்தடைதான்) அதிகமுள்ள பிரீஆம்ப் அல்லது ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கிட்டாருக்கும் மிக்சருக்கும் நடுவே செருகும் சின்னப் பெட்டி) வாங்குங்கள். மதுரையில் மேடைக்கு மேடை மைக்செட் மாறும். பையில் வைத்து எடுத்துப்போக இதுதான் தோது.

தனி ஆம்ப்தான் வேண்டுமென்றால் அகூஸ்டிக் ஆம்ப் எடுங்கள். எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும். அகூஸ்டிக் ஆம்பில் நுனிச் சத்தத்துக்கென்றே ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் இருக்கும். குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டிக் குறைக்கும் நாட்ச் ஃபில்டர் இருப்பதும் முக்கியம். கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கம் தானாக ஒத்ததிரும், மேடையில் 'ஊம்' என்று ஊளை கிளம்புவது பெரும்பாலும் அங்கேதான். அப்புறம், இந்த ஊளையைத் தவிர்க்க, ஆம்பை முதுகுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள்.