புயல் பையில் எந்த அடுப்பை வைப்பது?

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து, தீயணைப்புப் பணியில் இருந்த நான், மக்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைக்குள் நுழைந்தபோது, சுவரோரம் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் சிறு பாத்திரத்தில் வெந்நீர். இரண்டு முழம் தள்ளி ஒரு பாய். பாயில் போர்வைக்குள் உறங்கும் ஒரு பெரியவர். சாரல் அடிக்கிறது என்று ஜன்னல்கள் எல்லாவற்றையும் அடைத்திருந்தார்கள். அடுப்பைத் தாழ்வாரத்துக்கு எடுத்துப் போகச் சொன்னேன். கைக்குழந்தையுடன் இருந்த அந்தத் தாய், "பிள்ளைக்குப் பால் கலக்கணும் சார், வேற வழியில்ல" என்றார். அவருடைய தேவை நியாயமானது. அவரிடம் இருந்த அடுப்புதான் அந்த இடத்துக்குப் பொருந்தாதது.

புயல் வந்தால் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக வைக்கும் அவசரப் பைக்கு அடுப்பு வாங்குகிறவர்கள் அது எவ்வளவு வேகமாக எரியும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த இடத்தில் வைத்து, எதற்காகப் பற்றவைக்கப் போகிறோம் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முகாமில் சாப்பாடு பெரும்பாலும் பொதுச் சமையலில் வந்துவிடும். வீட்டின் மாடியில் சிக்கிக்கொண்டவர்களுக்கும் முதல் இரண்டு நாளுக்கு அவல், பொரி, பிஸ்கட், வேர்க்கடலை போன்று சமைக்காமல் உண்ணக்கூடியவை போதும். ஆகவே அடுப்பின் வேலை சோறு பொங்குவதல்ல; குழந்தையின் பாலுக்கும், முதியவரின் கஞ்சிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பது. புட்டிப்பால் மாவைக் கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதால், இந்த வேலையை வெறும் குடிநீர் பாட்டிலால் ஈடுகட்ட முடியாது.

எரிபொருள் கணக்கையும் பார்த்துவிடுவோம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 293 கிலோஜூல் வெப்பம் வேண்டும். தீயின் வெப்பத்தில் பாதி காற்றோடு போய்விடும் என்று வைத்துக்கொண்டால், சிறிய கேஸ் ஸ்டவ்களுக்கான கேன்களில் அடைத்து விற்கும் பியூட்டேன் என்ற எரிவாயு லிட்டருக்கு 13 கிராம் செலவாகும். கடையில் கிடைக்கும் 220 கிராம் கேன் காற்றில்லாத இடத்தில் 16, 17 லிட்டரைக் கொதிக்க வைக்கும். புயல் காற்றில் 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நான்கு பேர் உள்ள குடும்பம் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீரே எட்டு லிட்டர் ஆகிவிடும் என்பதால், குடிநீர் முழுவதையும் கொதிக்க வைக்கப் புறப்பட்டால் புயல் காற்றில் ஒரு கேன் ஒரு நாளுக்குச் சற்று மேல்தான் வரும். பையில் குளோரின் மாத்திரையும் இருக்கட்டும். குடிநீரை அது பார்த்துக்கொள்ளும், கேஸை பாலுக்கும் கஞ்சிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வாகனத்தில் வெளியேறுகிறவர்களுக்கும் மாடியில் தங்குகிறவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது, கேன் படுக்கை வாட்டில் உள்ளே அமரும் தட்டையான பியூட்டேன் ஸ்டவ். அடி அகலமாக இருப்பதால் எளிதில் சாயாது. கேனின் அழுத்தம் எல்லை மீறினால் கேனைத் தானாக விடுவிக்கும் அமைப்பு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். கேனின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அது மேல்நோக்கி, ஸ்டவ்வில் உள்ள முனையோடு பொருந்த வேண்டும். கேனுக்குள் வளைந்திருக்கும் குழாய் அப்போதுதான் மேலே நிற்கும் ஆவியை எடுக்கும். தலைகீழாக மாட்டினால் திரவமே வெளியேறி, தீ ஒரு முழம் உயரத்துக்குச் சீறும். அகலமான பாத்திரம் வைப்பதும் அதே அளவு ஆபத்தானது. பாத்திரம் கேன் இருக்கும் பக்கம் வரை நீண்டால், அடியில் தேங்கும் வெப்பம் கேனைச் சுட ஆரம்பிக்கும். ஒரு பயிற்சி வகுப்பில் அம்மா ஒருவர் இட்லிப் பானையை இப்படி ஏற்றிய சில நிமிடங்களில், கேன் இருக்கும் அறையின் மூடி கையால் தொட முடியாத சூட்டுக்கு வந்துவிட்டது. உடனே அணைத்தோம்.

இதைவிடக் கொடிய பழக்கம் ஒன்று பரவி வருகிறது. தீர்ந்துபோன கேனில், வீட்டு சிலிண்டரிலிருந்து ஓர் இணைப்பானை மாட்டி மறுபடி நிரப்புகிறார்கள். வீட்டு சிலிண்டரில் பியூட்டேனோடு புரொப்பேன் என்ற இன்னொரு வாயுவும் கலந்திருக்கிறது. 40 டிகிரி வெப்பத்தில் புரொப்பேனின் ஆவியழுத்தம், அதாவது அடைத்த கலனுக்குள் அது தரும் அழுத்தம், பியூட்டேனைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மெல்லிய தகரத்தால், ஒரே முறை பயன்படுத்துவதற்காகச் செய்த கேனில் அதை அடைத்து, பையில் போட்டு, பிள்ளைகள் உட்காரும் காரின் பின்னால் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. புதிய கேனைக்கூட வெயிலில் நிற்கும் காருக்குள் விடக்கூடாது. 50 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

மற்ற வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிட் அடுப்பின் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நம்பி மறுபடி ஊற்றும்போது தீ பாட்டிலுக்குள் தாவும். எரிபொருள் மாத்திரைகள் இலேசானவை, ஆனால் அவற்றின் புகையை மூடிய இடத்தில் மூச்சிழுக்க முடியாது. மண்ணெண்ணெய் பையில் கசிந்தால் துணியும் உணவும் வீண். 5 கிலோ சிலிண்டர் மாடி வீட்டுக்குச் சரி. தோளில் சுமக்கும் பைக்குச் சரியல்ல.

இடுப்பளவு நீரில் குழந்தையை ஏந்தி நடந்துபோக வேண்டியவர்கள் அடுப்பே எடுக்க வேண்டாம் என்பேன். வெளியேறும் அறிவிப்பு வந்தவுடன் நல்ல ஃபிளாஸ்க் ஒன்றில் கொதிநீரை நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு வேளைப் பாலுக்கு அது கைகொடுக்கும்.

எந்த அடுப்பானாலும் மூடிய அறையிலோ, காருக்குள்ளோ, தார்ப்பாய்க் கூடாரத்துக்குள்ளோ எரியக் கூடாது. காற்றுப் போதாமல் எரியும் தீ கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்குவதை மழையில் நனைந்த அலுப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். கேஸ் கசிந்தாலோ அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவும். நாம் பாய் விரிப்பதும் தரையில்தான்.

ரயிலில் ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் கேனையும் ஸ்டவ்வையும் கட்டாயம் விட்டுச் செல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அக்டோபரின் முதல் வாரத்தில், மொட்டை மாடியில் ஒருமுறை அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். கேனை மாட்டி, இணைப்பில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவையுங்கள். கேன் மாட்டுவதை வீட்டில் இரண்டு பேராவது கையால் செய்து பழகியிருக்க வேண்டும்; பழகியவர் அன்று வீட்டில் இல்லாமல் போகலாம். சோதனை முடிந்ததும் கேனைக் கழற்றித் தனியே மூடியிட்டு, தேதியை அதன்மேல் எழுதி, லைட்டரையும் தீப்பெட்டியையும் நீர்புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள். வீட்டு சிலிண்டரில் கசிவு என்றால் அழைக்க வேண்டிய 1906 என்ற எண்ணை அந்த டப்பாவின் மூடியிலேயே ஒட்டி வைக்கலாம்.