செக்ரோலும் செக்கப்பும்

மலையகத்துக்கு ‘செக்’ என்ற சொல் புதிதல்ல. தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார், யாருக்கு முழுப் பேர் (ஒரு நாள் சம்பளம்), யாருக்கு அரைப் பேர் என்று பதிகிற புத்தகத்துக்கே செக்ரோல் என்றுதான் பெயர். வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன சொல். இப்போது அதன் தம்பி ‘ஃபுல் பொடி செக்கப்’ ஹட்டன் டவுனில் போர்டுகளில் தொங்குகிறது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. பாரசீக மொழியில் ‘ஷா’ என்றால் அரசன். சதுரங்கத்தில் எதிராளியின் அரசனை மிரட்டும்போது சொன்ன அந்த ‘ஷா’, அரபு, பிரெஞ்சு என்று ஊர் சுற்றி ஆங்கிலத்தில் ‘செக்’ ஆனது. முதலில் அரசனுக்கு ஆபத்து என்ற பொருள், பிறகு தடுத்து நிறுத்துதல், அப்புறம் சரிபார்த்தல். செக்ரோல் ஆள் வந்தாரா என்று பார்க்கிறது, செக்கப் ஆளின் உடம்பு எப்படி என்று பார்க்கிறது.

நம் பேச்சில் இந்த இரண்டாவதற்கு இடமே இருக்கவில்லை. டிஸ்பென்சரிக்குப் போகிறவரைக் கேட்டால் “மருந்து எடுக்கப் போறேன்” என்பார். நோய் வந்தால் போவது, மருந்தோடு திரும்புவது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்து லயத்து அக்கா ஒருமுறை கிளினிக் போய்விட்டு வந்து, “ஒரு பேரையும் விட்டுட்டுப் போனேன், ஒரு குளிசைகூடக் குடுக்கல” என்று நாள் முழுக்கப் புலம்பினார். அவருக்கு ஒன்றுமில்லை என்பதுதான் கிடைத்த நல்ல செய்தி!

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பரிசோதனை’ வடமொழி வழி வந்தது. சோதனம் என்றால் தூய்மையாக்கல், குற்றம் களைதல். முன்னால் ‘தடுப்பு’ சேர்த்துத் ‘தடுப்புப் பரிசோதனை’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தடுப்பூசி தடுக்கும். இரத்தத்தில் சீனி பார்ப்பது எதையும் தடுக்காது, இருப்பதை முன்கூட்டிக் காட்டும், அவ்வளவே. இன்னும் சிலர் சொல்லும் ‘வருமுன் காத்தல்’ என்பது குறள் 435இன் ‘வருமுன்னர்க் காவாதான்’ என்பதிலிருந்து எடுத்தது. அந்தக் குறள் இருப்பது குற்றங்கடிதல் அதிகாரத்தில். அங்கே வரக்கூடாதது குற்றம், நோயல்ல. பழகிவிட்டதால் குறையில்லை. என்னைக் கேட்டால் ‘நலப் பரிசோதனை’ போதும். நலமாக இருக்கும்போது, நலம்தானா என்று பார்ப்பது.

இனி, இந்தச் செக்கப்புக்குக் காப்புறுதி பணம் தருமா என்ற கேள்வி. முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் காப்புறுதி என்கிறோம், தமிழ்நாட்டில் காப்பீடு. நம்முடையது காப்பு + உறுதி, அதாவது காப்பேன் என்ற வாக்கு. அவர்களுடையது காப்பு + ஈடு. நட்டஈட்டில் வரும் அதே ஈடு. ‘இன்சூரன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லோ ‘கவலையின்றி’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லில் போய் முடிகிறது. (அரசாங்க ஆசிரியர்களின் சம்பளத்தில் கழிக்கிற ‘அக்ரஹார’வும் காப்புறுதிதான். தமிழ்நாட்டுக்காரர் கேட்டால் ஏதோ தெருவின் பெயர் என்று நினைப்பார்.)

நம் சொல்தான் காதுக்கு இனிமை. ஆனால் தொழில் நடக்கும் விதத்தைச் சரியாகச் சொல்வது அவர்களுடைய ‘ஈடு’. நட்டம் வந்தால்தான் ஈடு. எப்போது வரும், வருமா வராதா என்று தெரியாத செலவைப் பலர் சேர்ந்து சுமப்பதுதான் காப்புறுதியின் கணக்கு. செக்கப்போ நாமே நாள் குறித்துப் போவது. அங்கே நட்டம் இன்னும் வரவில்லை, ஈடுகட்ட எதுவுமில்லை. அதனால்தான் தனியார் மருத்துவக் காப்புறுதிகளில் பலவும் வாட்டில் நிறுத்தினால் பணம் தரும், நலமாக இருக்கிறவர் செய்துகொள்ளும் பரிசோதனையை விலக்குப் பட்டியலில் போட்டுவிடும்.

தருகிற பொலிசிகளும் உண்டு. அங்கே அது பெரும்பாலும் மேலதிக நன்மை என்ற பெயரில் வரும். வருடத்துக்கு ஒரு தடவை, அல்லது க்ளெய்ம் பண்ணாமல் சில வருடம் போன பிறகு, இன்ன தொகை வரைக்கும், அவர்கள் சொல்லும் லெப்பில் மட்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். கொழும்பில் பத்து லெப் இருந்து பொகவந்தலாவையில் ஒன்றும் இல்லையென்றால், பஸ் காசும் போன பேரும் நம் கணக்கில். கையெழுத்துப் போடுமுன் லெப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு குழப்பம் ‘மெடிக்கல்’. பொலிசி எடுக்கும்போது கம்பனி கேட்கிற பரிசோதனை அது. அதையும் சிலர் செக்கப் என்றே சொல்கிறார்கள். அது கம்பனிக்காக நடப்பது. அதில் பிரஷரோ சீனியோ தெரிந்தால் தவணைப் பணம் கூடலாம், அந்த நோய்க்குக் காப்பு இல்லை என்று எழுதலாம், விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பலாம். நலப் பரிசோதனையின் ரிப்போட் நம் கையில் இருக்கும், மெடிக்கலின் ரிப்போட் அவர்கள் கோப்பில் இருக்கும். பயந்து, தெரிந்த நோயை விண்ணப்பத்தில் மறைத்தால், பின்னால் க்ளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

பொலிசியே இல்லாதவருக்கு 2011 முதல் அரசாங்கம் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கின்றன. எடை, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். பெண்களுக்குச் சுவநாரி கிளினிக் தனியாக உண்டு. ‘சுவநாரி’ சிங்களப் பெயர், நலமுள்ள பெண் என்று பொருள். பக்கத்து லயத்து அக்கா போய்வந்ததும் இதற்குத்தான். அவர் வாயில் இது ‘சும்மா பாக்குற கிளினிக்’.