வைரஸ் தேடுவது உலாவியின் வேலையா?

கோப்பு இறங்கி முடிந்ததும் உலாவி "ஆபத்தானது" என்று தடுத்தால், அது உள்ளே புகுந்து வைரஸ் தேடியிருக்கும் என்றே பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

குரோமை எடுத்துக்கொள்வோம். கோப்பின் பைட்டுகளை எல்லாம் வைத்து ஷா-256 முறையில் ஒரு ஹேஷ் கணக்கிடுகிறது. அது கோப்பின் கைரேகை மாதிரி. இயங்கக்கூடிய, முன்பின் தெரியாத கோப்பு என்றால் அந்த ஹேஷையும், வந்த முகவரியையும், டிஜிட்டல் கையொப்பம் யாருடையது என்பதையும் ஆபத்தான தளங்களையும் கோப்புகளையும் அடையாளம் காணும் கூகுளின் சேஃப் பிரவுசிங் சேவைக்கு அனுப்பி, இது ஆபத்தானதா என்று கேட்கிறது. கோப்பு வழக்கமாக நம் கணினியிலேயே இருக்கும். ஆனால் நாம் எதை இறக்கினோம் என்ற தகவல் வெளியே போகிறது. இந்த விலை சிறியதல்ல.

ஒரே ஒரு பைட் மாறினாலும் ஹேஷ் முழுதாக மாறிவிடும். வைரஸ் எழுதுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் கெட்ட பெயர் எடுத்த கோப்புகளைத் தடுப்பதோடு நிற்காமல், இதுவரை யாருமே பார்த்திராத கோப்பையும் இந்தச் சேவைகள் சந்தேகிக்கின்றன. நேற்றுதான் தன் மென்பொருளை வெளியிட்ட நேர்மையான தனி நிரலாளரும் இதில் மாட்டிக்கொள்கிறார்.

விண்டோஸில் உலாவி இன்னொன்றும் செய்கிறது. கோப்போடு 'ஸோன் ஐடென்டிஃபையர்' என்ற குறிப்பை ஒட்டுகிறது. அதில் எண் 3 இருந்தால் இணையத்திலிருந்து வந்தது என்று பொருள். அதைப் பார்த்துத்தான் வேர்டு அந்த ஆவணத்தைத் திருத்த முடியாத பாதுகாப்புப் பார்வையில் திறக்கிறது. இத்தகைய குறிப்புக்கு இடமில்லாத ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைந்த பென் டிரைவில் நகலெடுத்தால் குறிப்பு உதிர்ந்துவிடும்!

அப்படியானால் உலாவிக்குள்ளேயே வைரஸ் தேடும் ஒரு ஸ்கேனரை வைத்துவிடலாமே? வேண்டாம் என்பேன். பென் டிரைவிலும் மின்னஞ்சல் செயலியிலும் வரும் கோப்புகளை உலாவி பார்ப்பதே இல்லை. ஆன்டிவைரஸோ எந்த வழியாக வந்தாலும் கோப்பு வட்டில் எழுதப்படும்போதும் திறக்கப்படும்போதும் சோதிக்கிறது. 2008-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 3, இறங்கிய கோப்பை விண்டோஸில் உள்ள ஆன்டிவைரஸிடமே காட்டியது. சரியான பிரிவினை அதுதான்.

தவிர, ஸ்கேனரே ஓட்டையாகலாம். விதவிதமான கோப்பு வடிவங்களைப் பிரித்துப் படிக்கும் நிரல் சிக்கலானது. 2017-இல் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ் எஞ்சினில் மென்பொருள்களில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழு கண்டுபிடித்த பிழை அப்படிப்பட்டது: கோப்பை யாரும் திறக்கவே வேண்டாம், ஸ்கேன் செய்தாலே கணினி தாக்குபவர் கைக்குப் போய்விடும்.

பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு வந்தால் பாஸ்வேர்டு இல்லாத எந்த ஸ்கேனரும் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. அது எந்த முகவரியிலிருந்து வந்தது என்பது உலாவிக்கு அப்போதும் தெரியும்.